மறதி நோயும் மருந்துப் பையும்

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. உணவைக் குறித்தும் பொருளைக் குறித்தும் அதனை எடுத்தாளும் நாம், குளிசையைக் குறித்து மட்டும் நினைப்பதில்லை. வைத்தியர் தந்தது, கடையில் வாங்கியது, அயல் வீட்டார் கொடுத்துதவியது யாவும் ஒரே பையினுள் சேர்கின்றன. ஒரே வயிற்றினுள் இறங்குகின்றன. இளமையில் இதனைத் தாங்கிக்கொள்ளும் தேகம் முதுமையில் தாங்குவதில்லை. அம்முதுமையோடு மறதி நோயும் சேர்ந்துவிட்டாலோ, முறையான அளவே மிஞ்சிய அளவாகிவிடுகின்றது. நேயர்களே, இவ்வாரம் அந்த மருந்துப் பையைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்போம்.

நோயும் அதன் பெயரும்

வயது முதிர்ந்தவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர் யாழ்ப்பாணத்தார். மலையகத்திலோ ‘புத்தி தடுமாறிப் போச்சு’ என்பர். இரண்டும் இரக்கத்தோடு சொல்லப்படும் சொற்களே. எனினும், இது முதுமையின் இயல்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணமும் அவற்றினுள் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் பிழையானது. டிமென்ஷியா என்று வைத்தியர்கள் கூறும் மறதி நோய், மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதனால் உண்டாகும் வியாதி. ஜெர்மனியைச் சேர்ந்த வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர், அதன் முதன்மையான வகையை 1906ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ மாநாட்டில் எடுத்துரைத்தார். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம் நாட்டில் ராகமைப் பகுதியில் நடத்தப்பெற்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும், நோயாளியின் நிலையைத் தேவையின்றி மோசமாக்கும் மருந்துகள் பல உண்டு. அவை நம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கின்றன.

குளிசைகள் கோத்த சங்கிலி

நானுஓயாவை அடுத்த ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் வாழும் குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை, இத்தகைய குடும்பங்களை நேயர்கள் அறிவர். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுகின்றனர். 78 வயதான தாத்தா இஸ்தோப்பில் அமர்ந்திருக்கிறார். சில காலமாக அவருக்கு ஞாபக சக்தி குன்றி வருகின்றது.

5,000 அடிக்கு மேற்பட்ட உயரமும் ஓயாத மழையும் பனியுமான ஊர். தாத்தாவுக்குத் தடிமனும் இருமலும் வருகின்றன. ‘பிரிட்டோன்’ என்ற பெயரில் யாவரும் அறிந்த குளோர்பெனிரமின் குளிசையைக் கடையில் வாங்கிக் கொடுக்கின்றனர். தடிமன் குறைகின்றது, ஆனால் வாய் உலர்கின்றது, மலம் இறுகுகின்றது, சிறுநீர் தடைப்படுகின்றது. இரவில் தாத்தா எழுந்து நடக்கிறார். சுவரில் யாரோ நிற்பதாகக் கூறிச் சத்தமிடுகிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரே சுவருக்கு அப்பாலும் இப்பாலும் இரு குடும்பங்கள் உறங்கும் இடத்தில், அச்சத்தம் எத்துணை பெரிய தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘நித்திரைக்கு ஏதாவது கொடுங்கள் ஐயா’ என்று மகன் வைத்தியரிடம் வேண்டுகிறான். ஹலோபெரிடோல் கிடைக்கின்றது. தாத்தா அடங்குகிறார். பதினைந்து நாளில் அவருடைய கைகள் நடுங்குகின்றன, நடை தளர்கின்றது, முகம் மரத்தாற் செய்தது போலாகின்றது. நடுக்கத்தைக் கண்ட வேறொரு வைத்தியர் அதற்குப் பென்செக்சோல் எழுதுகிறார். அதனால் குழப்பம் முன்னிலும் மிகுகின்றது. ‘வியாதி முற்றிவிட்டது’ என்று குடும்பம் கண்ணீர் விடுகின்றது.

முற்றியது வியாதி அன்று. ஒரு குளிசையின் தீங்கைப் புதிய நோயென்று எண்ணி மறு குளிசை. அதன் தீங்குக்கு மற்றொன்று. மருத்துவ நூலோர் இதனை மருந்துச் சங்கிலி என்ற பொருள்படவே வழங்குகின்றனர். இச்சங்கிலியில் யாரும் தீய எண்ணத்துடன் நடக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் முன் நின்ற துன்பத்தையே கண்டனர். முழுச் சங்கிலியையும் கண்டவர் எவருமில்லை.

ஊமத்தை தரும் பாடம்

தடிமனுக்குக் கொடுத்த குளிசை எங்ஙனம் மூளையைக் கலக்கும்? இதனை அறிய ஊமத்தையை நினைவுகூர்ந்தாற் போதும். ஊமத்தங்காய் தின்றவன் வாயுலர்ந்து, கண் விரிந்து, இல்லாததைக் கண்டு பிதற்றுவான் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி. நுவரெலியாப் பகுதியில் வேலியோரங்களில் எக்காளம் போன்ற நீண்ட பூக்களைத் தொங்கவிடும் செடியும் ஊமத்தைக்கு உறவினமே. அதனுள்ளும் அதே நஞ்சு உண்டு. நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்லும் அசிற்றைல்கோலின் என்ற பொருளின் வேலையை அந்நஞ்சு தடுத்துவிடுகின்றது. நினைவுக்கும் கவனத்துக்கும் இன்றியமையாத பொருள் அது.

மறதி நோயாளரின் மூளையில் இப்பொருள் ஏற்கெனவே குறைந்திருக்கும். இருப்பதைத் தடுக்கும் மருந்து எதுவாயினும் அவருக்குச் சிறியதொரு ஊமத்தையே ஆகும். பழைய வகைத் தடிமன், ஒவ்வாமைக் குளிசைகளான குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின். சிறுநீர் அடங்காமைக்குரிய ஒக்ஸிபியூட்டினின். மேலே கண்ட பென்செக்சோல் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை கெட்ட மருந்துகள் அல்ல. தத்தம் இடத்தில் பயன்படுபவையே. ஆனால் மறதி நோயாளர் இவற்றுக்கு உரிய இடமன்று. மறதி நோய்க்குத் தரப்படும் டொனெபெசில் என்ற மருந்து அசிற்றைல்கோலினை மூளையில் நிலைக்கச் செய்வதற்காகவே கொடுக்கப்படுவது. அதனையும் மேற்சொன்னவற்றுள் ஒன்றையும் ஒரே நாளில் கொடுப்பது, ஒரு கையால் நீர் வார்த்து மறு கையால் குடத்தைக் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

அடக்கும் மருந்தின் விலை

சத்தமிடுபவரை அடக்கும் மருந்துகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் முதலியன கடுமையான மனநோய்களுக்காகத் தோன்றியவை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், மறதி நோயுள்ள முதியோருக்கு நடத்தப்பெற்ற 17 பரிசோதனைகளை ஆராய்ந்தது. ஏறக்குறைய 10 வாரக் காலத்தில், வெறுங் குளிசை உண்டவர்களுள் நூற்றுக்கு 2.6 பேர் இறந்தனர். இவ்வகையின் புதிய மருந்துகளை உண்டவர்களுள் 4.5 பேர் இறந்தனர். இருதயக் கோளாறும் நிமோனியாவுமே அம்மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமாயின. மருந்துப் பெட்டியோடு வரும் தாளில் இவ்வபாயத்தைக் கட்டமிட்டு அச்சிடுமாறு அந்நிர்வாகம் ஆணையிட்டது. 2008இல் ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளுக்கும் அவ்வாணை விரிந்தது.

2009ஆம் ஆண்டில் பேராசிரியர் சுபே பானர்ஜி பிரித்தானிய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஆண்டுதோறும் 1,80,000 மறதி நோயாளர் அங்கு இம்மருந்துகளை உண்பதாகவும், அவர்களுள் 36,000 பேரளவிலேயே பயன் பெறுவதாகவும், அதற்கு விலையாக 1,800 பேர் மேலதிகமாக உயிர் துறப்பதாகவும், 1,620 பேருக்குப் பக்கவாதம் போன்ற மூளை இரத்தக்குழாய்க் கேடுகள் உண்டாவதாகவும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வறிக்கை வீண் போகவில்லை. இங்கிலாந்தில் மறதி நோயாளருள் இம்மருந்தைப் பெற்றவர்கள் 2006இல் நூற்றுக்கு 17 பேராக இருக்க, 2011இல் 7 பேருக்கும் குறைவாயினர். எழுதும் கை தயங்கக் கற்றுக்கொண்டால் உயிர்கள் தப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்குமளவு கொந்தளிப்போ, தாங்கொணா மனவேதனையோ உள்ளவருக்கு இம்மருந்து தேவைப்படுவதுண்டு. அப்போதும் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு, மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தே கொடுத்தல் முறை. இன்னுமொன்று: மறதி நோயில் லூயி உடல் வகை என்று ஒன்றுண்டு. இல்லாத பிள்ளைகளையும் மிருகங்களையும் தெளிவாகக் காண்பதும், உடல் விறைத்து நடை சுருங்குவதும் அதன் குறிகள். அத்தகையோருக்கு ஹலோபெரிடோல் உயிருக்கே உலை வைக்கக்கூடும். ஆகையால் இக்குறிகளைக் கண்டவர்கள், வைத்தியர் கேளாவிடினும் தாமே எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

முதிய தேகத்தின் கணக்கு

முதுமையில் தேகத்தில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகின்றது. சிறுநீரகத்தின் ஆற்றல் தளர்கின்றது. ஆகவே உட்கொண்ட மருந்து எளிதில் வெளியேறுவதில்லை. நித்திரைக்குத் தரப்படும் டயஸிபாம், 20 வயது இளைஞனின் இரத்தத்தில் ஏறக்குறைய 20 மணி நேரத்திற் பாதியாகக் குறையும். 80 வயதுடையவரிடம் அதற்கு 90 மணி நேரமளவும் செல்லக்கூடும். நேற்றைய குளிசை அடங்குமுன் இன்றையது சேர்ந்துவிடுகின்றது. நித்திரைக் குளிசை உண்ட முதியவர் நள்ளிரவில் எழுந்து, இருளில், மழையில் நனைந்த படிகளில் இறங்கி, வெளியேயுள்ள மலசலகூடத்துக்குச் செல்லும்போது நேரக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை. முறிந்த இடுப்பெலும்போடு படுக்கையில் விழுந்த முதியோர் பலர் மீண்டு எழுவதேயில்லை.

நீரிழிவுக் குளிசையும் அவ்வாறே. உண்டதை மறந்து மறுமுறையும் குளிசையை விழுங்குவதும், குளிசையை விழுங்கிவிட்டு உணவை மறப்பதும் இந்நோயில் இயல்பு. கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளால் இரத்தத்திற் சீனி மிகத் தாழ்ந்துவிடின், வியர்வையும் பிதற்றலும் மயக்கமும் உண்டாகும். அதனை மறதி நோயின் குழப்பமென்றே கருதி வாளாவிருப்பவர் பலர். இரத்த அமுக்கக் குளிசை மிகுந்தால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றும். அத்தலைச்சுற்றலுக்கென்று புரோகுளோர்பெரசின் கொடுத்தால் கை நடுக்கம் தொடங்கும். மீண்டும் சங்கிலிதான். ஆயுள் முழுவதும் மலையேறிக் கூடை சுமந்த முழங்காலுக்கென்று நாள்தோறும் உட்கொள்ளும் டைக்ளோபெனக், வயிற்றிற் புண்ணையும் சிறுநீரகத்திற் பழுதையும் உண்டாக்கவல்லது.

காரணம் தேடுதல்

திருக்குறளில் மருந்தென்றே ஓர் அதிகாரம் உண்டு. நோய் இன்னதென ஆராய்வதும், அதன் காரணத்தை ஆராய்வதும், அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடுவதும் வைத்தியனின் கடமையென அங்கு வள்ளுவர் வகுத்தார். தாத்தாவின் இரவுக் கூச்சலுக்கும் இவ்விதி பொருந்தும். சொல்லத் தெரியாத பல்வலியா? நாலு நாளாக மலங்கழியவில்லையா? சிறுநீரில் கிருமி உண்டா? குளிருக்கு அஞ்சித் தண்ணீர் குடியாதிருந்தாரா? காது கேளாமையா? பசியா? கம்பளி போதவில்லையா? திடீரென்று, ஓரிரு நாளில் மிகுந்த குழப்பம் எதற்கும் மறதி நோயைக் காரணமாகச் சொல்லி அமையலாகாது. அதன் பின் வேறொரு நோயோ, புதிதாகச் சேர்ந்த ஒரு குளிசையோ பெரும்பாலும் நிற்கும்.

இவை எதுவும் இல்லாவிடத்தும் காரணம் இருக்கலாம். விடியற்காலையில் தாத்தா கம்பளியைப் போர்த்துக்கொண்டு வெளியே புறப்படுவது பைத்தியத்தால் அன்று. நாற்பது ஆண்டுகள் அவ்வேளையில் பிரட்டுக்களத்துக்குச் சென்ற கால்கள் அவை. கோச்சியின் சத்தம் கேட்டதும் அப்பாயி மூட்டை கட்டுகிறாரா? நானுஓயாவுக்கு 1885ஆம் ஆண்டிலேயே புகையிரதம் வந்துவிட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அதன் வழியே அண்ணனையும் அக்காளையும் கோச்சியேற்றி அனுப்பியவர்கள் இன்று முதியோராய் இருக்கின்றனர். ‘ஊருக்குப் போகணும்’ என்ற அப்பாயியின் சொல்லுக்குக் குளிசை மறுமொழி ஆகாது. ‘யாரைப் பார்க்க அப்பாயி?’ என்று பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால், பத்து நிமிடத்தில் மூட்டை தானே அவிழ்வதும் உண்டு. பகலிற் சற்று வெயிலில் நடத்தல், பழகிய சிறு வேலையொன்றைக் கையிற் கொடுத்தல், இரவில் சிறு வெளிச்சம், ஒரே நேரத்தில் உணவு ஆகிய இவற்றை முதலிற் செய்து பார்த்தல் வேண்டும்.

பகலெல்லாம் உழைத்து வரும் மகனும் மருமகளும் இவையனைத்தையும் செய்ய இயலாதென்பதை யாம் அறியாமலில்லை. நித்திரைக் குளிசை கேட்பவரைக் குறை கூறுவதும் எம் நோக்கமன்று. ஆயினும், நித்திரையின்றித் தவிக்கும் குடும்பத்துக்கு வேண்டியது உறவினரின் ஓரிரவுத் துணை. அதனை முதியவரின் வாயில் இடும் குளிசையால் ஈடு செய்தலாகாது என்பதையே வற்புறுத்துகின்றோம்.

வீட்டார் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் இட்டு, அடுத்த கிளினிக் நாளில் வைத்தியர் முன் வைத்தல். கடையில் வாங்கிய தடிமன் குளிசை, ஆயுர்வேத மருந்து, அயலார் கொடுத்தது எதனையும் மறைத்தலாகாது. ‘ஐயா, இவற்றுள் எவை இன்னும் வேண்டும்? எதை நிறுத்தலாம்? எதைக் குறைக்கலாம்?’ என்று பணிவாகக் கேட்கலாம். எந்த வைத்தியரும் இதற்குச் சினவார்.

இரண்டாவது, எக்குளிசையையும் வீட்டார் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. நெடுநாள் உண்ட டயஸிபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

மூன்றாவது, குளிசை கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடமே இருத்தலும், பை பூட்டிய பெட்டியில் இருத்தலும் அவசியம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த வகையை வாங்கியவர் பலர். ஒரே மருந்து வெவ்வேறு பெயரிலும் நிறத்திலும் வரும். பழைய வெள்ளைக் குளிசையோடு புதிய மஞ்சள் குளிசையையும் சேர்த்துக் கொடுத்து, ஒரே மருந்தை இருமடங்காக்கிவிடும் பிழை இதனாலேயே நேர்கின்றது. பெட்டியிலுள்ள வியாபாரப் பெயரைப் பாராது, மருந்தின் சொந்தப் பெயரைப் பார்த்தல் வேண்டும். இவ்வுண்மையை நம் நாட்டுக்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, தேவையான மருந்துகளை மட்டும், சொந்தப் பெயரில், நியாய விலைக்கு மக்களுக்குக் கிடைக்கச் செய்ய உழைத்தவர் அவர்.

நான்காவது, மாணவச் செல்வங்களே, உங்களுக்குரியது. கடதாசி உறையின் மேல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியதைத் தாத்தாவாலும் அம்மாவாலும் படிக்க இயலாதிருக்கலாம். மருந்து கொடுக்கும் இடத்திலேயே மருந்தாளரைக் கேட்டு, ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவையுங்கள்: மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை, எவ்வேளை, எந்நாள் தொடங்கியது. அருகே இன்னொரு பத்தி விடுங்கள். அதில் தாத்தா விழுந்த நாள், தூங்காத இரவு, உணவு மறுத்த வேளை, கை நடுங்கத் தொடங்கிய கிழமை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மாதமொருமுறை, ஐந்து நிமிடம் காணும் வைத்தியருக்குத் தெரியாத முழுச் சங்கிலியும் அப்பக்கத்தில் தெரியும். ‘இக்குளிசை தொடங்கிய பத்தாம் நாள் நடுக்கம் வந்தது ஐயா’ என்ற ஒரு வரி, ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

வைத்தியத்துக்கு அங்கம் நான்கு என்றார் வள்ளுவர். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். மறதி நோயிலே முதலாமவர் தம் துன்பத்தைச் சொல்ல இயலாதவர், இரண்டாமவர் தூரத்திலிருப்பவர், மூன்றாவதோ தன் தீங்கைத் தானே சொல்லாது. ஆகையால் நான்காமவரின் கண்ணே நால்வருக்கும் கண்ணாகின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நாள். மாலைத் தேநீருக்கு முன்னர் அந்தப் பையை அவிழ்த்து, கொப்பியின் முதற் பக்கத்தை எழுதிவிடுங்கள்.